காக்கை வராத காடு

பூனாவின் போபோடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சந்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாறியிருக்கும், மீதிப் பேருக்கு முழங்கால் மக்கர் செய்யும். ஆனாலும் மாமா ஓட்டிய அந்த மேட்டடார் வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கோடை விடுமுறை முழுக்க, ஞாயிறுதோறும், அதில் அடைந்துகொண்டு சஹ்யாத்ரி முகட்டிலிருந்த மழைக்காட்டுக்குப் போனோமே, அந்தக் கதைதான்.

எழுதும் முன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்கிறேன். நான் பார்த்ததைப் பார்த்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், ஊகித்ததை ஊகம் என்றும் சொல்லிவிடுவேன். வங்கித் தணிக்கையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறு மாதிரி எழுத வராது.

சந்தேகப்படும் குணம் எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில் அவருக்குச் சோதனை வேலை. சாயங்காலச் சங்கு ஊதியதும் வெளியே வருகிறவர்களை நிறுத்தி, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, சட்டையைத் தட்டிப் பார்த்து அனுப்புவார். "உள்ள வர்றவன இன்னாத்துக்குப் பாக்கணும்? வெளிய போறவனத்தான் பாக்கணும்" என்பது அவர் வேதம். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட எங்கள் பாவாடைப் பையையும் கால்சட்டைப் பையையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ரிக்‌ஷாவில் ஏற்றுவார். யாரும் எதையும் எடுத்ததில்லை. ஆனாலும் ஒரு தடவைகூட அவர் தட்டாமல் விட்டதில்லை.

அந்த வருடத் தை மாதத்தில் பெரியப்பா இறந்துபோனார். நெஞ்சுவலி. அவர் காட்டைப் பார்க்க வேண்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். ஜூனா பஜாரில் ஒரு பழைய பைனாகுலர்கூட வாங்கி வைத்திருந்தார். ஒரு பக்கக் கண்ணாடியில் பூசணம் பிடித்திருக்கும். மறுபக்கம் மட்டும் அவ்வளவு தெளிவு. தண்டவாளத்துக்கு அப்பால் போகிற எருமையின் காதில் உட்கார்ந்த ஈ தெரியும். அதை வைத்து அவர் பார்த்ததெல்லாம் எருமைதான். காட்டுக்குப் போகவே இல்லை.

"அவருக்காகவாவது ஒருவாட்டி போய்ட்டு வரலாம்க்கா" என்றார் மாமா. பெரியம்மா அவருக்கு மூத்த அக்கா. அம்மா நடுவில்.  ஞாயிறு காலையில் பார்த்தால், பெரியம்மா பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் முன்னாடியே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

காட்டு வாசலில் எங்களுக்காக ஒரு வழிகாட்டியை அனுப்பினார்கள். மேல் கிராமத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை, இடுப்பில் ஓர் உண்டிவில். புஜத்தில் பச்சைக் கைப்பட்டை. அந்தக் கைப்பட்டை இருந்தால்தான் அவர் ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகலாம். அதற்கு முன்பெல்லாம் வருடத்தில் பாதி நாள் மனைவி மக்களோடு மலையிறங்கிக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாராம். கைப்பட்டை வந்த பிறகு போகவில்லை. மகள் அதனால்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று முதல் நாளே அம்மாவிடம் சொன்னார். இதை நான் கேட்டேன்.

மாமாவுக்கு உண்டிவில்தான் கண்ணில் பட்டது. "சரணாலயத்துல இவனுக்கு உண்டிவில் எதுக்கு?" என்று தமிழில் முணுமுணுத்தார்.

குரங்கு விரட்ட. அதையும் வழிகாட்டியே செய்து காட்டினார். மண் உருண்டையை வைத்துக் குரங்குக்கு ஒரு முழம் தள்ளி அடிப்பார். அது பல்லைக் காட்டிவிட்டுப் போகும். மாமா நம்பவில்லை.

அந்தக் காட்டை நீங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்களோ தெரியாது. எனக்கு முதலில் வருவது வாசனை: நனைந்த கோணிச்சாக்கும் பழுத்த பலாவும் சேர்ந்த வாசனை. வெளியே மே மாத வெயில்; உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கினாற்போல் குளிர்ச்சி. அஞ்சனி மரங்களின் தண்டெல்லாம் ஊதாப் பூ ஒட்டியிருக்கும். வாசலில் கிராமத்துப் பெண்கள் இலைத் தொன்னையில் கர்வந்தா விற்பார்கள், நம் களாக்காயின் இனிப்பான தங்கை. தின்றால் உதடெல்லாம் பிசின். தலைக்கு மேலே, பூனையளவு பெரிய மலை அணில், ஷேக்ரு, வாலைத் தொங்கவிட்டுக் கிளையோடு கிளையாகப் படுத்திருக்கும்.

ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை. அங்கேதான் சாப்பாடு. முதல் ஞாயிறு அம்மா புளிசாதத் தூக்கைத் திறந்ததும், பெரியம்மா தனியாகக் கொண்டுவந்த வெறும் சோற்றில் பருப்பும் நெய்யும் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்துப் பாறை ஓரமாக வைத்தாள். வீட்டில் தினமும் செய்வதுதான். வருஷம் திரும்பும்வரை, காக்கை எடுத்த பிறகுதான் அவள் வாயில் ஒரு பருக்கை போகும்.

"கா... கா..." என்று கூப்பிட்டாள்.

 வேறு என்னென்னவோ கூவின, காக்கையைத் தவிர.

"மாவ்ஷி, இத்தே காவளா நாஹி" என்றார் வழிகாட்டி. சித்தி, இங்கே காக்கை கிடையாது. அவர் ஊரிலும் செத்தவருக்குப் பிண்டம் வைத்தால் காக்கை தொட வேண்டுமாம். அதற்காகச் சோற்றைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கீழே ஆற்றோரம் போவார்களாம். தன் அப்பாவுக்கு வைத்தபோது பொழுது சாயும்வரை காக்கை வராமல் மொத்தக் குடும்பமும் பட்டினி கிடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தானும் வாயருகே கையைக் குவித்து, "காவ், காவ்" என்று கூப்பிட்டார். இரண்டு மொழியிலும் கூப்பிட்டாயிற்று. வரவில்லை.

பெரியம்மா அன்று சாப்பிடவில்லை. வண்டியில் திரும்பும்போது, "பூனாலேர்ந்து இம்மாந்தூரம் அவருக்கு வழி தெரியாதோ என்னவோ" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்ற வண்டிகளும் வந்தன. நம் சந்துக் குடும்பங்களே எத்தனையோ வந்தீர்கள். பெரியம்மா வைக்கிறாளே என்று எல்லா அம்மாக்களும் ஓர் உருண்டை வைத்தார்கள். மிச்சம் மீதியும் அங்கேயே. பாறையின் ஒரு மூலையில் எப்போதும் சோறு இருந்தது.

ஒரு நாள் வந்தது. அண்டங்காக்கை. பாறையில் இறங்கி, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்து, உருண்டையைக் கொத்தியது.

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். மாமாகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏங்க்கா, இது அண்டங்காக்காவாச்சே, செல்லுமா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள்.

"அவரு மட்டும் இன்னா செகப்பா?" என்றாள் பெரியம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. எல்லாரும் சிரித்துவிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். வழிகாட்டிக்குத் தன் கையாலேயே புளிசாதம் வைத்தாள். பெயரென்ன, ஊரென்ன என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் கேட்டதில்லை. "அரே பாவூ", அதாவது அண்ணே, என்று கூப்பிடுவதோடு சரி.

பிறகு ஒன்று இரண்டானது, இரண்டு பலவானது. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வரும். "பெரியப்பா பரிவாரத்தோட வர்றாரு" என்று நாம் கத்தியது நினைவிருக்கிறதா?

பாறைக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், மெல்லிய கிளைக் கவட்டில் ஒரு கூட்டை வழிகாட்டி எங்களுக்குக் காட்டியிருந்தார். வாலில் வெள்ளை நாடா கட்டிவிட்டதுபோலப் பறக்குமே, அரசவால் ஈப்பிடிப்பான், அதன் கூடு. தேநீர்க் கோப்பை அளவு, மேலே சிலந்தி நூல் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கத்தான் பூனாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்குப் பெருமை. பைனாகுலரைப் பெரியம்மாவிடம் கேட்டு வாங்கி எங்களுக்கு முறைவைத்துக் காட்டுவார். மூன்று குஞ்சுகளின் வாய் திறந்திருந்தது. உள்ளே செக்கச் சிவப்பு.

இனி வருவது நான் பார்த்தது.

மே மாதக் கடைசி. சாப்பிட்டு முடித்து அம்மாவும் மற்றவர்களும் தட்டு கழுவ ஓடையில் இறங்கியிருந்தார்கள். மாமா தண்ணீர் பிடிக்கக் கேனோடு மேலே போயிருந்தார். பாறையில் பெரியம்மாவும் நானும். வழிகாட்டி நாலடி தள்ளி நின்றார். கூடு இருந்த கிளையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான். பெரியம்மா "வந்துட்டாரு" என்று பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள் என்றுதான் என் நினைவு. வெள்ளை வால் குருவி அந்தக் கிளையைச் சுற்றிச் சுற்றிக் கரகரவென்று கத்தியது.

வழிகாட்டி உண்டிவில்லை எடுத்துக் குறிவைத்தார். குரங்குக்கு வைப்பதுபோல ஒரு முழம் தள்ளி அல்ல.

பெரியம்மா பைனாகுலரை விட்டாள். அது கழுத்தில் வந்து மோதியது. பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். "ஐயோ, வேணாம்! அவருடா அது!"

உருண்டை எங்கோ இலைக்குள் போய் விழுந்தது. காக்கை எழும்பிப் பறந்தது. மாமா கேனோடு திரும்பி வந்தபோது அவர் கண்ணில் பட்டது, உயர்ந்திருந்த உண்டிவில்லும் அதற்கு நேராக இருந்த கூடும்தான்.

கூடு காலியாக இருந்தது. வழிகாட்டி ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 

"பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் மாமா.

"காக்காவத்தான்டா அடிக்கப் பாத்தான். அதுவே பாவம், அதுவும் அவரைப்போய்..." என்றாள் அம்மா.

"காக்காவ அடிச்சா கூட்டுல எப்டி ஒண்ணும் இல்லாமப் போவும்? குஞ்சத் தின்ற ஜாதி இவனுங்க. சும்மா காக்கா மேல பழி."

சந்தேகத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டு. எதிரான சாட்சியையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். சந்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பெரியப்பாவையே அடிக்கக் கை ஓங்கியவன் எதைத்தான் செய்ய மாட்டான்? என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. பெரியம்மாவைக் கேட்டிருக்கலாம். அவள் ஓடைப் பக்கம் கை கழுவப் போயிருந்தாள். வழிகாட்டியும் அந்தப் பக்கம்தான் நின்றார்.

சாயங்காலம் காட்டு வாசலில் மாமா வழக்கம்போலத் தன் சோதனையைத் தொடங்கினார். இலை, பூ, கூழாங்கல் எதையும் எடுத்துவரக் கூடாது என்று எங்கள் பைகளைத் தட்டிக்கொண்டே வந்தவர், பெரியம்மாவிடம் வந்ததும் நின்றார்.

"அக்கா, பைனாகுலர் எங்க?"

பெரியம்மா வண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா யோசிக்கவே இல்லை. நேரே போய் வழிகாட்டியின் துணிப்பையை வாங்கிக் கவிழ்த்தார். பாக்ரி ரொட்டி சுற்றியிருந்த துணி விழுந்தது. அதனடியிலிருந்து பைனாகுலர் விழுந்தது.

"தேக்கோ!", பாருங்கள் என்று மாமா போட்ட சத்தத்தில் கர்வந்தா விற்ற பெண்கள் எழுந்து நின்றார்கள். காவலர் வந்தார். "அக்கா, இது உன்னுதுதானே?" என்றார் மாமா.

வழிகாட்டி பெரியம்மாவைப் பார்த்தார். கோபமாகவோ கெஞ்சலாகவோ இல்லை. பேருந்து வருமா என்று சாலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆமா" என்றாள் பெரியம்மா.

வேறொன்றும் அவள் சொல்லவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. திருடன் வாயைத் திறக்க மாட்டான் என்று மாமா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். காவலர் பச்சைக் கைப்பட்டையின் பொத்தானைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு பட்டை இன்னும் கட்டியிருப்பதுபோலவே இருந்தது. வண்டி திரும்பும்போது கடைசியாக நான் பார்த்தது அந்த வெளுப்பைத்தான்.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடமும் திறந்தது. காட்டுக்கு நாம் மறுபடி போகவில்லை. பைனாகுலர் பெரியம்மா வீட்டுப் பீரோ மேல் துணி போர்த்திக் கிடந்தது. தொடக்கூட எங்களுக்கு அனுமதியில்லை. பிறகு வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கே போனதோ.

இன்னொன்றும் நடந்தது. பெரியம்மா காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

"இன்னும் வருஷம் திரும்பலியேக்கா" என்றாள் அம்மா.

"அவரு வந்துட்டுப் போய்ட்டாரு. இனிமே வேணாம்."

துக்கம் ஆறிவிட்டது என்று நம் வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன மாதம்வரை.

போன மாதம், நான் இப்போது வசிக்கும் பாணேர் குடியிருப்பிலிருந்து அதே காட்டுக்குச் சூழல் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். இப்போது எல்லாம் ஒழுங்கு. செல்பேசியிலேயே பதிவு, சத்தமில்லாத மின்வண்டி, விளக்கம் சொல்ல ஒரு சின்னப் பெண். வாசலில் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வெளியே வரும்போது அல்ல. உள்ளே போகும்போது. என் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை வாங்கி அங்கேயே வைத்துவிட்டார்கள்.

"சாதத்துக்குமா தடை?" என்று யாரோ சிரித்தார்கள்.

"சோறு எங்கே விழுதோ அங்கே காக்கா வரும், ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண் இந்தியில். "சோறு தீர்ந்தா காக்கா திரும்பிப் போகாது. பக்கத்துல இருக்கிற கூட்டைப் பாக்கும். குஞ்சு ஒண்ணையும் விடாது. இந்த ஓடைப் பக்கம் ஒரு காலத்துல அரசவால் நிறைய கூடு கட்டுமாம். இப்ப ஒண்ணுகூட இல்ல."

பாறை அப்படியே இருந்தது. மேலே அண்டங்காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

திரும்பும் வழியில் மேல் கிராமத்தில் இறங்கி அந்த வழிகாட்டியைப் பற்றி விசாரித்தேன். "பேரென்ன?" என்று கேட்டார்கள். தெரியாது. வெள்ளைத் தொப்பி, உண்டிவில், மகள் ஒருத்தி என்றேன். அந்தக் காலத்தில் எல்லாரிடமும் வெள்ளைத் தொப்பி இருந்தது என்றார்கள்.

அடுத்த நாள் போபோடிக்குப் போனேன். மாமா இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. பெரியம்மா மாடி அறையில் இருக்கிறாள். ஜன்னல் சாத்தியே இருக்கும். மேல்வீட்டுக்காரர்கள் வைக்கும் சோற்றுக்குக் காக்கைகள் கம்பியில் வந்து உட்காருமாம்.

அந்தப் பெண் சொன்னதையும், மேல் கிராமத்தில் விசாரித்ததையும் அப்படியே சொன்னேன். என் சந்தேகத்தையும் சொன்னேன். "பெரியம்மா, நீ முதல்ல பைனாகுலர்ல பாத்தே. அப்புறந்தான் அவர் கையைப் புடிச்சே."

சாத்திய ஜன்னலின் தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"வாயில தொங்கிக்கினு இருந்துச்சிடி. இன்னும் உசுரு இருந்துச்சி. கால ஆட்டுது" என்றாள். "பாத்துட்டுத்தான் புடிச்சேன். இன்னா தின்னாலும் அவருன்னுதானே நெனச்சிக்கினு இருந்தேன்."

"பைனாகுலர்?"

"நான்தான் குடுத்தேன். ஓடையாண்ட. வெச்சிக்கோ, இத்த வெச்சி இனிமே நான் எதையும் பாக்க வேணாம்னு சொல்லி, அவன் பைக்குள்ள நானே திணிச்சேன். வேணாம் வேணாம்னான்."

"அப்போ வாசல்ல ஏன் சொல்லலே?"

"குடுத்தேன்னா, ஏன் குடுத்தேன்னு உன் மாமன் கேப்பான். சந்தே நின்னுக்கினு இருக்குது. உன் பெரியப்பா இன்னா தின்னாருன்னு அத்தினி பேரு முன்னால என் வாயால சொல்லணுமா?" என்றாள். "அவனும் சொல்லலையே. அவன் சொல்லிடுவான்னு பாத்தேன். எனக்காகத்தான் சொல்லல."

இது நான் கேட்டது; அந்த இடத்தில்தான் வைக்கிறேன். இத்தனை காலம் கழித்து, மறுத்துப் பேச யாரும் மிஞ்சாதபோது சொல்லப்படும் கதையை அப்படியே ஏற்றுக்கொள்ள என் தொழில் என்னை விடாது. கொடுத்தது உண்மையா, கொடுத்ததாக இவ்வளவு வருடத்தில் மனம் தைத்துக்கொண்டதா? சரிபார்க்க ஒரே ஆள்தான் உண்டு. அவருக்குப் பெயர் இல்லை.

எழுந்து செருப்பை மாட்டும்போது பெரியம்மா கூப்பிட்டாள்.

"ஊருல போயி இன்னான்னு கேட்டே? தொப்பி போட்டவருன்னா?"

"பேர் தெரியாதே, பெரியம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள். பெயரும் அப்பா பெயரும் மகள் பெயருமாகச் சொன்னாள், தடுமாறாமல். தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டவள் மாதிரி.

அதை இங்கே எழுதவில்லை. முதலில் அவரிடமோ அவர் மகளிடமோதான் சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு போகிறேன். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டுவேன். அந்த மூன்று பெயர்களைத் தவிர உள்ளே கொண்டுபோக இந்த முறை என்னிடம் எதுவும் இருக்காது.